பத்துக்கு மூன்று

நஞ்சுண்டன்மீது ஜெயலீலாவுக்கு ஒருநாளும் மரியாதை இருந்ததில்லை. அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் அவள் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியில் தரச்சோதனைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். மாத்திரையைவிட மனிதகுல முன்னேற்றத்தைப் பற்றிப் பேசுவதில்தான் அவருக்கு நாட்டம்.

அன்று காலை ரத்த அழுத்த மாத்திரை பேட்ச் ஒன்று தேறவில்லை. கரைய வேண்டிய நேரம் தாண்டியும் கூழாங்கல் மாதிரி கிடந்தது. இயந்திரத்தில் கோளாறில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஜெயலீலா ‘ஃபெயில்’ என்று எழுதினாள்.

"இன்னொரு வாட்டி டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்," என்றார் நஞ்சுண்டன்.

"பாஸ் ஆகிற வரைக்குமா சார்?"

அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. ஓய்வுபெற்ற பேஸ்பால் நட்சத்திரம் ஹேங்க் ஓல்ட்ரிச் மத்தியானம் பேச வருகிறார். ஏற்பாடு நஞ்சுண்டனுடையது. இத்தனைக்கும் அவர் ஊரில் கோலிகூட ஆடியவரில்லை.

கேன்டீனில் நிற்க இடமில்லை. ஓல்ட்ரிச் நொண்டி நொண்டி வந்து மைக்கைப் பிடித்தார்.

"பத்து முறை மட்டை பிடித்தால் ஏழு முறை நான் அவுட். அப்படியும் பெரிய ஆட்டக்காரன் என்றார்கள். தோல்விக்கு அஞ்சாதீர்கள்."

நஞ்சுண்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயலீலாவுக்குக் கொட்டாவி வந்தது.

கூட்டம் கலைந்ததும் விருந்தாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவளை மடக்கினார் நஞ்சுண்டன். "கேட்டீங்களா? பத்துல மூணு அடிச்சாலே லெஜண்ட். ஒரே ஒரு ஃபெயிலுக்கு நாம பேட்ச்சையே தூக்கிப் போடணுமா? இவர்கிட்ட இருந்து கொஞ்சம் லேர்ன் பண்ணுங்க."

"அவரையே கேட்டுடலாம் சார்," என்று ஜெயலீலா விஷயத்தை ஓல்ட்ரிச்சிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். மேலதிகாரிகள் இரண்டு பேர் காதில் விழும்படியாகவே சொன்னாள்.

கிழவர் சிரிக்கவில்லை. "நானும் அந்த மாத்திரைதான் போடுகிறேன். அது பத்துக்கு மூன்று அடித்தால் நான் செத்தேன்," என்றார். பிறகு நஞ்சுண்டன் பக்கம் திரும்பினார். "அம்பயர் அவுட் என்றால் போய் உட்கார்ந்துவிடுவேன். இன்னொரு பந்து போடு என்று நான் கேட்டதில்லை."

நஞ்சுண்டன் பெரிய ஜோக்கைக் கேட்டவர்போலச் சிரித்து, கையெழுத்து வாங்கப் பந்தை நீட்டினார்.

மேலதிகாரிகள் கேட்டுவிட்டதால் வேறு வழியில்லை. மறுநாளே அந்த பேட்ச் அழிக்கப்பட்டது. அடுத்த மாதம் கம்பெனிப் பத்திரிகையில் நஞ்சுண்டனின் கட்டுரை வந்தது, பெரிய படத்தோடு. ‘அவுட் என்றால் அவுட்: நான் கடைப்பிடிக்கும் நேர்மை.’

சாப்பாட்டு மேசையில் அதைப் படித்த கணவன் கிறிஸ்டோ, "உன் பாஸ் நல்லாதான் எழுதியிருக்காரு," என்றான்.

"ஆமா," என்றாள் ஜெயலீலா, குழம்பைப் பரிமாறியபடி. "நம்ம நாகர்கோவிலா இருந்தா இந்தப் பேப்பர் மீன் பொதியவாவது ஆகும்."