பழைய எண் பதினான்கு

எடையளவுத் துறையில் முப்பத்தொரு வருடம் ஆய்வாளராக இருந்தவன் நான். வாக்களிக்கும் வயது வந்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். தகப்பனார் இறந்த வாரத்தில்கூடப் போயிருக்கிறேன். அப்படிப்பட்டவன் பெயர் இந்த மாநிலத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் இல்லை.

பட்டியலை அலுவலக வராந்தாவில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவின் பக்கத்தை மூன்று முறை படித்தேன். கதவு எண் 27-இல் என் மனைவி பெயர் இருந்தது. கணவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. ஆக, கணவனாக இருக்கிறேன், வாக்காளனாக இல்லை. அடுத்தது கதவு எண் 28, என் தம்பி. படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

யார் செய்த வேலை என்று அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டேன்.

தம்பிக்கும் எனக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. அவன் மளிகைக் கடை வைத்திருக்கிறான். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அந்தத் தெருவில் சோதனைக்குப் போனபோது அவன் கடையின் ஒரு கிலோ எடைக்கல் பன்னிரண்டு கிராம் குறைவாக இருந்தது. கல்லின் அடிக்குழியில் முத்திரை குத்திய ஈயம் இருக்க வேண்டும்; குழி காலியாக இருந்தது. கல்லைப் பறிமுதல் செய்து, அபராதம் எழுதி, கையெழுத்துப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் குறைந்த எடை என்ற பேச்சு வந்ததே கிடையாது. வந்த பிறகு ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை. நடுவில் சுவர் எழுப்பினோம்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் கொழுந்தன் என் பேரை வெட்டிட்டான்" என்றேன்.

"அவருக்குக் கடையில வேலை இல்லையா?" என்றாள், தலையைத் தூக்காமல். "வெட்டினது நீங்கதான்."

"நானா?"

"பதினாலாம் நம்பர் வேண்டாம், அவனும் நானும் ஒரே நம்பர்ல இருக்கக் கூடாதுன்னு நகராட்சிக்கு எத்தனை மனு எழுதினீங்க?"

ஏழு மனு எழுதினேன். ஏழாவதில் அவர்கள் சலித்துப்போய்ப் பதினான்கை ரத்து செய்து, எனக்கு 27, அவனுக்கு 28 என்று கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு மெத்தத் திருப்தி.

"பட்டியல் சரிபார்க்க வந்தவங்க பதினாலாம் நம்பரைத் தேடியிருக்காங்க. அப்படி ஒரு வீடே இல்ல. அதுல இருந்த எல்லாரையும் அடிச்சுட்டாங்க. புது நம்பருக்கு மாத்திக்கப் படிவம் குடுக்கணுமாம். உங்க தம்பி தன் வீட்டுக்கு வாங்கும்போது நமக்கும் ரெண்டு வாங்கி, எழுதி, சுவருக்கு மேல குடுத்தனுப்பினார். நான் என்னோடதுல கையெழுத்துப் போட்டேன். உங்களோடதை மேஜையில வெச்சேன். எழுத்து யாருதுன்னு பாத்தீங்க. நாலாக் கிழிச்சீங்க."

"அதை என்ன படிவம்னு நீ சொல்லலையே."

"சொல்ல விட்டீங்களா? கிழிச்சதும் கை கழுவப் போயிட்டீங்க."

கிழித்தது ஞாபகம் இருக்கிறது. அதில் என் பிறந்த தேதி பிழையில்லாமல் எழுதியிருந்ததும் ஞாபகம் இருக்கிறது.

பெயர் சேர்க்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று புதன். மறுநாள் காலை காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் எண்ணெய்க் கடைக்காரர். ஒரு காலத்தில் அவருடைய அளவுக் குவளையை நசுக்கிப் போட்டவன் நான்.

"ஐயா எங்களை நிக்க வெச்ச வரிசைய விட இது சின்னதுதான்" என்றார். "கால் வலிச்சா சொல்லுங்க. நான் இடம் பிடிச்சு வெக்கிறேன்."

நான் திரும்பவில்லை.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அலுவலருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஓய்வூதியப் புத்தகத்துல பதினாலு. வங்கிப் புத்தகத்துல பதினாலு. எல்லாத்துலயும் பதினாலா இருக்கே. இருபத்தேழுன்னு ஒண்ணும் இல்லையா ஐயா?"

மின் கட்டண ரசீதை எடுத்து வைத்தேன்.

"இதுல இருபத்தேழு இருக்கு. பேரு வேறயா இருக்கே."

"அது என் தகப்பனார்."

"அவரைக் கூட்டிட்டு வர முடியுமா?"

"அவர் போய் இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

"இன்னுமா பேரை மாத்தல?"

"அப்பா பேரை எடுத்துட்டு என் பேரை எழுதச் சொல்றீங்களா?"

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். நானும் இப்படித்தான் வைப்பேன், எதிரே நிற்கிறவன் விதண்டாவாதம் பேசினால். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது, அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"வேற வழி ஒண்ணு இருக்கு" என்றார். "உங்க தெருவுலயே, உங்க பாகத்துல, அதாவது உங்க வாக்குச்சாவடிப் பட்டியல்ல, வாக்காளரா இருக்கற ஒருத்தர் நேர்ல வந்து, இவர் இந்த வீட்டுலதான் இருக்கார்னு கையெழுத்துப் போடணும். உங்க குடும்பத்தார் செல்லாது. வெளியாள் வேணும். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள."

எங்கள் தெருவில் எங்கள் வரிசை மட்டும்தான் அந்தப் பாகத்தில் வருகிறது. எதிர் வரிசைக்கு வேறு வாக்குச்சாவடி. எங்கள் வரிசையில் மூன்று கிடங்கு, ஒரு பூட்டிய வீடு, நான், அவன்.

அன்று முழுவதும் நான் ஒன்றும் செய்யவில்லை. மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு 28-இன் கடைப்படி ஏறினேன்.

கடையில் யாரும் இல்லை. தம்பி கல்லாவில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது மட்டுமே இத்தனை வருடமும் எனக்குத் தெரியும்.

என் கண் தானாக எடைக்கல் பக்கம் போனது.

"முத்திரை இந்த வருஷத்தோடது" என்றான், தாளை மடிக்காமலே. "தூக்கிப் பாக்கலாம் பெரியவரே."

"அதுக்கு வரலை."

"பின்ன?"

சொன்னேன். மொத்தத்தையும் ஒரே மூச்சில், அறிக்கை வாசிப்பது போல் சொன்னேன். படிவத்தைக் கிழித்ததை மட்டும் விட்டுவிட்டேன். அது அவனுக்குத் தெரியும் என்பது அவன் முகத்திலேயே இருந்தது.

"குடும்பத்தார் கூடாதாம்" என்று முடித்தேன். "வெளியாள் வேணுமாம்."

"அப்ப நான் கச்சிதமாப் பொருந்துவேன்" என்றான். தாளை மடித்தான். "ஆனா ஒண்ணு யோசிச்சுக்குங்க. குறைஎடைக்காரன் சொன்ன சாட்சி. நாளைக்கு உங்க பேர் பக்கத்துல என் கையெழுத்து நிக்கும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்றால் வாக்கு போய்விடும். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, "கடையைப் பாத்துக்க" என்று தன் மனைவியிடம் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினான்.

அலுவலகம் வரை அவன் தெருவின் அந்த ஓரம், நான் இந்த ஓரம். வராந்தா பெஞ்சில் மட்டும், கடைசி நாள் கூட்டத்தில் இடமில்லாமல், பக்கத்தில் உட்கார வேண்டி வந்தது.

"ஈயம் தானா விழுந்துச்சு" என்றான், எதிர்ச் சுவரைப் பார்த்து. "அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"விழுந்தா அன்னிக்கே கல்லைக் கொண்டு வந்து காட்டணும். அதுதான் விதி."

"ஆமா. விதி" என்றான்.

எங்கள் முறை வந்தபோது மணி நாலு நாற்பது. அலுவலர் தம்பியின் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"இவரை எவ்வளவு நாளாத் தெரியும்?"

"பொறந்ததுலேர்ந்து."

"என்ன பழக்கம்?"

"பக்கத்து வீடு" என்றான் தம்பி.

அவர் எழுதப் போனார். பேனா நின்றது. என் படிவத்தையும் அவன் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் அப்பா பேரு ஒண்ணா இருக்கே?"

தம்பி என்னைப் பார்த்தான். அந்தப் பெயரில் ஊரில் நூறு பேர் உண்டு. அதைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். பின்னால் வரிசை நெளிந்துகொண்டிருந்தது, சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் சாட்சி செல்லாது, என் வாக்கும் இல்லை. மேஜை மேல் என் தகப்பனார் பெயர் போட்ட மின் ரசீது கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யை என்னால் சொல்ல முடியவில்லை.

"ஒரே அப்பாதான்" என்றேன். "இவன் என் தம்பி. கூடப் பிறந்தவன்."

பின்னால் யாரோ ஐயோ என்று முனகினார்கள். அலுவலர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதா ஐயா? ஒரே வீடா?"

"நடுவுல சுவர்."

"கதவு எண் வேற?"

"இருபத்தேழு, இருபத்தெட்டு."

"சமையல்?"

"அதுவும் வேற" என்றான் தம்பி. "சுவர் கட்டின செங்கல்ல பாதி நான் குடுத்தது. வேணும்னா அதையும் எழுதிக்குங்க."

அவர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். பக்கத்து மேஜைக்காரரிடம் ஏதோ கேட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கதவு எண் வேற, சமையல் வேறன்னா வேற குடும்பம். தம்பியா இருந்தா என்ன, அத்தையா இருந்தா என்ன. கையெழுத்துப் போடுங்க" என்றார். "ரெண்டு பேரும்."

ஒப்புகைச் சீட்டைக் கையில் கொடுத்தபோது மணி ஐந்துக்கு இரண்டு நிமிடம். துணைப் பட்டியலில் என் பெயர் கடைசி வரியாக வந்தது. வயதில் மூன்று கூட்டியிருந்தார்கள். திருத்த இன்னொரு படிவம் உண்டாம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தவறான எண்ணை அப்படியே விட்டேன்.

தேர்தலன்று காலை ஏழு மணிக்கு நானும் மனைவியும் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். எனக்கு முன்னால் தம்பி குடும்பம். விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வரும்போது மனைவி சொன்னாள்: "நீங்க ஒரு பக்கம் போட்டிருப்பீங்க, அவர் எதிர்ப்பக்கம் போட்டிருப்பார். கழிச்சா ஒண்ணும் மிச்சமில்ல. இதுக்கு ரெண்டு பேரும் வீட்டுலயே படுத்திருக்கலாம்."

"உன்னோடது மிச்சம் இருக்கே."

"அதான் சொல்றேன். இந்தத் தொகுதியே என் கையிலதான் இருக்கு" என்றாள். "வீட்டுல சர்க்கரை இல்ல. வாங்கிட்டு வாங்க."

ஒன்பது வருடமாக நான் சர்க்கரை வாங்குவது அடுத்த தெருவில். அன்று வெயில் அதிகம். 28-இன் படி ஏறி, அரைக் கிலோ கேட்டேன். தம்பி அப்போதுதான் கடையைத் திறந்திருந்தான். மை காயாத விரலால் காகிதத்தைச் சுருட்டி, சர்க்கரையைக் கொட்டி, தட்டில் வைத்தான். முள் நடுவுக்கு வந்து நின்றது. பிறகு என்னைப் பார்த்தபடியே இன்னும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டான். தட்டு அந்தப் பக்கம் சாய்ந்தது.

"கூட இருக்கு" என்றேன். "எடு."

"அண்ணனுக்குத்தானே."

"கூடப் போட்டாலும் குற்றம்தான். எடுடா."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான். முள் நேரே நிற்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.