பல் பதிந்த ஈயம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. 2005-ல் ஒரு காலை, ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் தாம்பரம் போகிற ரயில் தாமதமானது. பக்கத்தில் நின்றிருந்த ஏசுபாதம் பொழுது போகாமல் சொன்ன கதை இது. அவர் எங்கள் தெருக்காரர். தாம்பரத்துக்குச் சற்று முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வாரண்டி பார்க்கிற வேலை. அதாவது, பழுதாகி வரும் லாரியைக் கம்பெனி தன் செலவில் சரிசெய்து தர வேண்டுமா, சொந்தக்காரர் தலையில் கட்ட வேண்டுமா என்று தீர்ப்புச் சொல்கிறவர். லாரிக்காரர்களில் பாதிப் பேர் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். மீதிப் பேர் சொல்வதை அச்சில் போட முடியாது.

சொல்லிக்கொண்டே வந்தவர் முக்கியமான இடத்துக்கு வந்தபோது ரயிலும் வந்துவிட்டது. கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் ஏறினோம். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அதே இடம்வரை வருவார், நிறுத்திவிடுவார். "அப்புறம் என்ன ஆச்சு சார்?" என்றால், "அப்புறம் என்ன, வேலைக்கு நேரமாச்சு" என்பார்.

ஆகவே முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது முக்கால் கதைதான்.

2

கதையின் தொடக்கத்துக்கு நான் பட்ட பாட்டையும் பார்த்துவிடுங்கள்.

'மனித ஆசைக்கு அளவே இல்லை என்பதை அன்றுதான் ஏசுபாதம்—'

வேண்டாம். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசுகிற மாதிரி இருக்கிறது.

'எஞ்சின் உறுமியது.'

லாரி வருகிற எல்லாக் கதையிலும் எஞ்சின் உறுமித் தொலைக்கிறது. இதை ஏசுபாதத்திடம் படித்துக் காட்டினேன். "நல்ல எஞ்சின் உறுமாதுங்க" என்றார்.

'கோவளத்து மீன்காரி பொன்னிக்கு லாரியைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால்தான்—'

இது பச்சைப் பொய். அவளைத் தெரியாதவளாக ஆக்கிவிட்டால் எனக்குக் கதை சுலபமாக முடியும், அவ்வளவுதான். பொன்னி எல்லாம் தெரிந்துதான் செய்தாள். சரி, நேராகவே போகிறேன்.

3

வெயில் ஏறிய முற்பகல். ஐஸ் பெட்டிகள் நிறைய வஞ்சிரமும் சங்கராவுமாகக் கோவளத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்பட்ட ஒரு நடுத்தர லாரி, ஃபேன் பெல்ட் கீச்சிடுகிறது என்று சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தது. ஓட்டி வந்தவன் சின்னதம்பி. பக்கத்தில் அவன் அக்கா பொன்னி. லாரி அவளுடையது. கரையில் ஏலம் எடுப்பதும் அவள்தான், பெங்களூர் மார்க்கெட்டில் நின்று விற்பதும் அவள்தான். வண்டி வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை. வாரண்டி இன்னும் இருந்தது.

"சீக்கிரம் பாரு சார், ஐஸு கரைஞ்சிகினு கீது" என்றான் சின்னதம்பி.

மெக்கானிக் புது பெல்ட் எடுக்க உள்ளே போனான். ஏசுபாதம் சும்மா குனிந்து பார்த்தார். பழக்க தோஷம், அவர் கண் முதலில் போவது டீசல் பம்புக்குத்தான்.

அந்தப் பம்பில் ஒரு ஸ்க்ரூ உண்டு. எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் கிடைக்கும் என்பது அதன் கையில் இருக்கிறது. கம்பெனி அதை ஓர் அளவில் நிறுத்தி, கம்பி கோத்து, கம்பி முனையில் ஈயத்தை நசுக்கி முத்திரை குத்திவிடும். முத்திரை இருக்கும்வரை எஞ்சினுக்குக் கம்பெனி பொறுப்பு. யாராவது அறுத்து ஸ்க்ரூவைத் திருகினால் இழுவை கூடும், வாரண்டி போய்விடும். பிறகு உங்கள் பாடு.

இந்தப் பம்பிலும் கம்பி இருந்தது, கம்பி முனையில் ஈயம் இருந்தது. ஆனால் முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் பல் பதிந்திருந்தது.

(கோவளத்தில் வலையின் அடிக்கயிற்றுக்கு ஈயம் கட்டுகிறவர்கள் குறடு தேடி எழுந்து போக மாட்டார்கள். ஈயத்தை மடித்து வாயில் வைத்து ஒரு கடி, அடுத்த ஈயம். நானே போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் பல்லும் கூசியது.)

"இது யார் போட்டது?" என்று கேட்டார் ஏசுபாதம்.

சின்னதம்பி திரும்பி ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தான்.

"நான்தான் சார்" என்றாள் பொன்னி. அவள் பேசும்போது முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து தெரிந்தது. ஈயத்திலும் அதே சந்து இருந்தது. [இந்தப் பல் சந்து என் கைச்சரக்கு. ஏசுபாதம் சொல்லவில்லை. ஆனால் எழுதிய பிறகு எடுக்க மனம் வரவில்லை.]

"பம்பைத் திருகினவர் இப்படி ஒண்ணு போடச் சொன்னாரா?"

"அந்தாளு ஒண்ணியும் போட வேணாம்னாரு சார். கம்பி அதுவா அறுந்து ஈயம் விழுந்துச்சின்னு சொல்லிக்க சொன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. மொட்டையா தொங்கிகினு இருந்துச்சு. வலை ஈயம் கைல இருந்துச்சு, கடிச்சி வுட்டேன்."

மொட்டைக் கம்பியோடு வந்திருந்தால் ஏசுபாதம் சந்தேகத்தின் பலனைக் கொடுத்திருக்கலாம். செய்ததை ஒழுங்காகச் செய்ய நினைத்து, தன் வாயாலேயே வாக்குமூலம் கொடுத்துவிட்டாள் அந்தப் பெண். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

பெல்ட் மாட்டியாயிற்று. அங்கேயே அவர் தன் தீர்ப்பைச் சொல்லியிருக்க வேண்டும். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கில் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டுக்காக என்று சொல்லிக்கொண்டார். எனக்குக்கூட அப்படித்தான் சொன்னார்.

4

(இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். லாரி வண்டலூர் போய்ச் சேரட்டும்.)

ஸ்க்ரூவைத் திருகிய சிட்டிபாபுவை முதல் வரைவில் வில்லனாக எழுதியிருந்தேன். வாயில் பாக்கு, கையில் அழுக்கு, கண்ணில் கள்ளம். மேற்குத் தாம்பரத்தில் அவருடைய பம்ப் கடைக்குப் போனேன், கள்ளத்தை நேரில் பார்த்து இரண்டு வரி கூட்டலாம் என்று. மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேஷாக நாற்காலி இழுத்துப் போட்டார். என் வில்லன் அந்த நாற்காலியிலேயே செத்தான்.

"இதே எஞ்சினத்தான் கம்பெனிக்காரன் பெரிய லாரிலயும் வெக்கிறான். அங்க டீசல் ஜாஸ்தி, இங்க கம்மி. பெரிய லாரிக்கு அவன் வெக்கிற அளவுதான் நான் வெச்சேன். அதுக்கு மேல ஒரு நூல் திருக மாட்டேன்."

"சூடு தாங்காமல் பிஸ்டன் உருகிவிட்டால்?"

"உருகும். உருகாதுன்னு நான் எப்ப சொன்னேன்? பெரிய லாரிக்கு ரேடியேட்டரும் பெருசு. இதுக்கு சிறுசு. அத்த அந்தம்மாவாண்ட சொல்லிட்டுத்தான் கை வெச்சேன்."

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு எந்தக் கதாசிரியன் பிழைப்பது?

5

வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் ரோட்டில் காட்டை ஒட்டி ஓர் ஏற்றம் வரும். பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் நிறைபாரத்தோடு இந்த ரக லாரி அங்கே மூச்சு வாங்கும். கியரை இறக்கித்தான் ஆக வேண்டும். இதே ரகத்தில் எத்தனை வண்டி ஓட்டிப் பார்த்திருப்பார் ஏசுபாதம்! ஏற்றம் தொடங்கியதும் அவர் கை தானாகக் கியர் ராடுக்குப் போனது.

போன கை அங்கேயே நின்றது. வேலை இல்லை.

லாரி ஏறிக்கொண்டிருந்தது. அவசரமும் இல்லை, இரைச்சலும் இல்லை. காலை லேசாக அழுத்தினார். சீட்டு முதுகில் வந்து ஒட்டியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அடியிலிருந்து யாரோ கை கொடுத்துத் தூக்குகிற மாதிரி, அவ்வளவு மீனும் ஐஸும் இரும்பும் மேலே போயின. கண்ணாடியில் பார்த்தார். கரும்புகை இல்லை, லேசான சாம்பல் நிறம்தான். அவருக்கு முழங்கைவரை மயிர் சிலிர்த்தது. நூற்றுக்கணக்கான வண்டிகளுக்குக் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பியவர் அவர். இந்த எஞ்சினின் ஒவ்வொரு போல்ட்டும் தெரியும் என்று நினைத்திருந்தவர். அதற்குள்ளே இப்படி ஒன்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததா? தன் வீட்டிலேயே பார்க்காத ஓர் அறையைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது அவருக்கு. சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார். வழக்கமாக நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது. ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆபத்தில்லை என்றும் சொல்ல முடியாது.

"இன்னா சார், பேச்சக் காணோம்?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்னி.

"இதை எதுக்கும்மா பண்ணீங்க? வாரண்டி இருக்கிற வண்டி."

"போன ஆடி மாசம் ஓசூர் ஏத்தத்துல இந்த வண்டி ஊர்ந்துச்சு பாரு சார், நடந்து போறவன் தாண்டிப் போவான். தக்காளி ஏத்திகினு வந்தவன்லாம் ஆரன் அட்ச்சிகினு போறான். மார்க்கெட் போய்ச் சேரச்சொல்ல யாவாரம் எல்லாம் கலைஞ்சிடுச்சு. பாதிப் பொட்டிய என் கையாலயே கொட்டிட்டு வந்தேன். நல்ல மீனு சார். இன்னொரு வாட்டி லேட்டா வந்தா வராதன்ட்டான் யாவாரி."

"எஞ்சின் போயிடுச்சுன்னா?"

"மறுபடி கூடைதான். கேளம்பாக்கம் பஸ்ல கண்டக்டராண்ட திட்டு வாங்கிகினு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "தெரிஞ்சிதான் சார் பண்ணேன். அந்தாளு ரேடியேட்டரு மேட்டரு சொன்னாரு. ரெண்டு நாளு சோறு எறங்கல."

6

எஞ்சினைப் பற்றி எனக்கு முன்பு ஒன்றும் தெரியாது. கட்டுரை மாதிரி ஆகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஏசுபாதம் ஒருநாள் பிரித்துப் போட்ட எஞ்சின் ஒன்றைக் காட்டினார். ஒரு சொம்பு அளவுதான் இருக்கும் பிஸ்டன், அலுமினியத்தில் செய்தது. அதன் தலைமேல் ஒவ்வொரு நொடியும் நெருப்பு வெடித்துக்கொண்டே இருக்கிறது, கோவளத்திலிருந்து பெங்களூர்வரை, நிற்காமல். அலுமினியம் உருகக்கூடிய சூட்டுக்குப் பக்கத்திலேயே அலுமினியம் வேலை செய்கிறது. நடுவில் தண்ணீரும் எண்ணெயும் ஓடி அதைக் காப்பாற்றுகின்றன.

சிட்டிபாபு திறந்துவிட்ட பலத்தைக் கண்டு வாய் பிளந்தேன், உண்மை. பிறகு யோசிக்க யோசிக்க, அந்தப் பலம் இருப்பது தெரிந்தும் அதைப் பூட்டிவைத்த, முகம் தெரியாத அந்த என்ஜினீயரைக் கண்டும் வாய் பிளந்தேன். இந்தச் சின்ன ரேடியேட்டருக்கு இவ்வளவு நெருப்புப் போதும், வண்டி பல வருஷம் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அவருக்கு ஓசூர் ஏற்றம் தெரியும். பெங்களூர் யாவாரி சொன்னதுதான் தெரியாது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஏசுபாதம் பார்க்காத மாதிரி விட்டுவிடுகிறார். பொன்னி கண் கலங்க— இல்லை. இதைச் சொன்னதும் ஏசுபாதம் என்மேல் கோபப்பட்டார். "பாத்துட்டேனே சார். பாத்ததை எப்படிப் பாக்காம இருக்கிறது?"

வாரண்டியை ரத்து செய்கிறார். அடுத்த கோடையில் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் வெள்ளைப் புகை கக்கி— இதை எழுதும்போது எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. ஒரு பெண் துணிந்தால் உடனே தண்டித்துவிட வேண்டுமா?

வாரண்டி ரத்து, ஆனாலும் லாரி வருஷக்கணக்காகத் தலைவலி இல்லாமல் ஓடுகிறது, பொன்னி இரண்டாவது லாரி வாங்கு— இது என் ஆசை. ஆசையைக் கதை என்று விற்கக் கூடாது.

கோவளத்துக்குப் போய்ப் பொன்னியையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். பஸ் ஏறினேன். கேளம்பாக்கத்திலேயே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். தெரிந்துவிடும் என்று பயம். லாரி நின்றதா ஓடியதா என்பது தெரிந்தவுடன், அவர் செய்தது சரி, இவள் செய்தது தப்பு என்று நானும் பேச ஆரம்பித்துவிடுவேன். அன்று அவர்களுக்கு அது தெரியாதே.

7

லாரி சர்வீஸ் சென்டருக்குத் திரும்பியது. ஏசுபாதம் எஞ்சினை அணைக்கவில்லை. இறங்கிப் போய், கம்பெனி முத்திரை குத்துகிற பிளையரை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டு வழிதாம்மா இருக்கு. ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பி நானே கம்பெனி சீல் வைக்கிறேன். வாரண்டி உங்களுக்கு அப்படியே இருக்கும். மேல என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா ஓசூர்ல பழையபடி ஊரும். இல்லைன்னா இப்படியே எடுத்துட்டுப் போங்க. வாரண்டி இன்னையோட போச்சுன்னு நான் எழுதிடுவேன். நாளைக்கு எஞ்சினுக்கு என்ன ஆனாலும் கம்பெனி வராது."

சின்னதம்பி அக்காவைப் பார்த்தான். பொன்னி எஞ்சினைப் பார்த்தாள். அது அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"நீயே சொல்லு சார்."

"நான் எப்படிம்மா சொல்றது? உங்க வண்டி."

"எத்தினியோ பேராண்ட கேட்டுட்டேன் சார். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றான். அவனுங்க யாரும் இத்த ஓட்டிப் பாக்கல. நீ பாத்த. ஏத்தத்துல உன் மூஞ்சிய நான் பாத்துகினுதான் வந்தேன். முள்ளு மேல ஏறினதையும் நீ பாத்த. ரெண்டயும் பாத்தவன் நீ ஒத்தன்தான். உன் வண்டியா இருந்தா இன்னா பண்ணுவ?"

ஏசுபாதம் வாயைத் திறந்தார்.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் ரயில் வந்தது இந்த இடத்தில்தான்.

நான் ஏதாவது ஒன்றை எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டால், இந்தக் கதைக்கு நான் பொறுப்பு என்று ஆகிவிடும். தப்பாக இருந்தால் என்னைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவீர்கள். அந்த வாரண்டியை நான் தரப்போவதில்லை. அந்த ஏற்றத்தில் நீங்களும் கூடவே வந்தீர்கள். கை கியருக்குப் போய் நின்றது உங்களுக்கும் தெரியும், முள் எங்கே நின்றது என்பதும் தெரியும். ஏசுபாதத்தை விட்டுவிடுங்கள், அவர் வேலைக்குப் போகட்டும். பிளையரை நீங்கள் பிடியுங்கள். பொன்னி இப்போது உங்களைத்தான் பார்க்கிறாள்.

"யோசிச்சிகினே நின்னா எப்டி சார்? சொல்லு. ஐஸு நமக்காக நிக்காது."