சிரித்தால் விழுவாள்

அக்கா முதன்முதலாக விழுந்தபோது நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அத்தானுக்கு வாய் சும்மா இருக்காது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட அவருடைய மேலதிகாரி, "நான் யாருன்னு தெரியுமா?" என்று உள்ளேயிருந்து கத்தியதையும், வெளியே நின்ற காவலாளி, "ஏன் சார், உங்களுக்கே மறந்துடுச்சா?" என்று பரிவோடு கேட்டதையும் நடித்துக் காட்டினார். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். தாடை தொங்கியது, கழுத்து சாய்ந்தது, முழங்கால் இரண்டும் மடங்கின. கொடியிலிருந்து நழுவும் புடவை மாதிரி தரையில் சரிந்தாள். கையிலிருந்த தட்டு சுக்குநூறானது.

நாங்கள் அலறினோம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கண்ணைத் திறந்து, "எதுக்கு இப்படிக் கத்துறீங்க? எல்லாம் கேட்டுச்சு. வாயைத்தான் திறக்க முடியல" என்றாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினோம். ஒருவர் வலிப்பு என்றார். ஒருவர் ரத்தசோகை என்றார். இன்னொருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையா? நடிக்கிறாங்களோன்னு தோணுது" என்றார். பகலில் அவளுக்குத் தூக்கம் தூக்கமாக வருவதை யாரும் ஒரு நோயாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் தூங்கிப்போய் கடைசி நிறுத்தம்வரை போய்விடுவாள். நாங்கள் சோம்பல் என்றோம்.

கடைசியில் பார்த்த நரம்பியல் டாக்டர்தான், "விழறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. தூக்க ஆய்வெல்லாம் முடித்து, நார்கோலெப்ஸி, கூடவே கேட்டப்ளெக்ஸி என்று பெயர் சொன்னார். கனவு காணும்போது எல்லோருக்கும் உடம்பு தளர்ந்துதான் கிடக்கும். இவளுக்கு அந்தத் தளர்ச்சி முழித்திருக்கும்போதே வந்துவிடுகிறது, பெரும்பாலும் சிரிக்கும்போது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் விழுகிற இடம் ஆபத்தாக இருக்கலாம் என்றார்.

அக்கா யோசித்தாள். "அப்ப நான் நிஜமாவே விழுந்து விழுந்து சிரிக்கிறேன்னு சொல்லுங்க" என்றாள். சொன்ன வேகத்தில் நாற்காலியிலேயே தொய்ந்துபோனாள்.

வீட்டில் சிரிப்புக்குத் தடை போட்டது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. டிவியில் நகைச்சுவை சேனல்களை எடுத்துவிட்டேன். அத்தானிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். அக்கா மகளுக்குப் பதினொரு வயது; வீட்டில் அவள் வாலு. அவளிடம், "அம்மா முன்னாடி வாலை ஆட்டாதே" என்று கண்டித்து வைத்தேன். மூன்றே வாரத்தில் வீடு பரீட்சை ஹால் மாதிரி ஆனது. அத்தான் அக்காவிடம் செய்தி வாசிப்பதுபோலப் பேசினார்: "இன்று குழாய் சரிசெய்யப்பட்டது. மாலை மழை வரலாம்." எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. அக்கா ஒன்றரை மாதமாக விழவில்லையே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறைக் கதவுக்கு வெளியே அக்கா அசையாமல் நின்றாள். உள்ளே குழாய் திறந்திருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் அத்தானும் வாலுவும் குசுகுசுவென்று ஏதோ பேசி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கதவைத் தட்டினாள். "வெளியே வாங்க ரெண்டு பேரும்."

திருடிப் பிடிபட்டவர்கள் மாதிரி வந்து நின்றார்கள்.

"என் வீட்டுல, எனக்குத் தெரியாம ஒளிஞ்சு சிரிக்கிறீங்களா?"

"உனக்காகத்தான்க்கா..." என்று நான் குறுக்கே வந்தேன்.

"நீ பேசாதே. நான் செத்துப்போன மாதிரி நடமாடிட்டிருக்கீங்க எல்லாரும். விழறது எனக்கு ஒரு நிமிஷம். மிச்ச நாள் முழுக்க இப்படி உம்முன்னு உக்கார வச்சிருக்கீங்களே, அதுக்கு எந்த டாக்டர் மருந்து கொடுப்பாரு?"

அறைக்குப் போய் மெத்தையை இழுக்க ஆரம்பித்தாள். யாரும் உதவிக்குப் போகவில்லை, தைரியம் இல்லை. இரண்டு மெத்தைகளையும் கூடத்தில் போட்டு, சுற்றித் தலையணைகளை அடுக்கி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ம். உள்ளே என்ன சொன்னீங்களோ அதைச் சொல்லுங்க."

அத்தானின் கண் கலங்கியிருந்தது. வாலுதான் ஆரம்பித்தாள். சித்தி, அதாவது நான், டிவி ரிமோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அப்புறம் அதே ரிமோட்டைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடியதை நடித்துக் காட்டினாள். என் நடை, என் முனகல், இடுப்பில் கை வைத்து நான் மூச்சு வாங்குவது, ஒன்று பாக்கியில்லை.

அக்கா சரிந்தாள். முகம் துவண்டு, இமை மட்டும் படபடத்தது. வாலு பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அம்மா, கேக்குதுதானே? இன்னும் இருக்கு" என்று காதுக்குள் தொடர்ந்தாள். முக்கால் நிமிஷம் கழித்து அக்கா தலையைத் தூக்கினாள். "அடுத்தது" என்றாள்.

மதியத்துக்குள் ஆறு தடவை விழுந்தாள். ஆறாவது தடவை நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வீடு வழிக்கு வந்தது, கடை மிச்சமிருந்தது. அக்காவுக்கு ஒரு பெரிய கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்தை அளந்து, ஃபிரேம் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, காதுக்கும் மூக்குக்கும் உறுத்தாமல் வளைத்துச் சரிசெய்கிறவள். கவுண்ட்டரில் ஒருமுறை விழுந்ததும் மேனேஜர் அவளைப் பின்பக்க ஸ்டோருக்கு மாற்ற முடிவுசெய்தார். பேசிப் பார்க்கலாம் என்று நானும் கூடப் போனேன். கெஞ்சுவதற்குத்தான் போனேன்.

"உங்க நல்லதுக்குத்தான்மா. அங்க அமைதியா இருக்கும். பெட்டிங்கதான், ஆளுங்க இல்ல."

"பெட்டிங்க ஜோக் அடிக்காதுங்கிறீங்களா சார்?"

"கஸ்டமர் பயந்துடுவாங்கம்மா."

அக்கா ஒரு தாளை மேசையில் வைத்தாள். டாக்டர் எழுதிய கடிதம். அதன் கீழே அவள் கையெழுத்தில் நாலு வரி. கை வைத்த நாற்காலி ஒன்று வேண்டும். லென்ஸ் அறுக்கும் மெஷின் பக்கம் நான் போகமாட்டேன். மதியம் இருபது நிமிஷம் தூங்குவேன். விழுந்தால் யாரும் முகத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது.

"பன்னெண்டு வருஷமா இந்த கவுண்ட்டர்ல நிக்கிறேன். நான் மாட்டிவிட்ட கண்ணாடி ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா? ஸ்டோருக்குப் போகமாட்டேன். வேணும்னா எழுத்துல கொடுங்க, நானும் எழுத்துல கேக்குறேன்."

மேனேஜர் பதறிப்போய் தாளைப் படிக்கத் தன் கண்ணாடியைத் தேடினார். மேசையில், இழுப்பறையில், சட்டைப்பையில். கண்ணாடி அவர் நெற்றியில் ஏறி உட்கார்ந்திருந்தது. "இவ்வளவு பெரிய கடையில ஒரு கண்ணாடி கிடைக்கல" என்று முணுமுணுத்தார்.

நான் அக்காவைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவள் உதட்டைக் கடித்தாள். பயனில்லை. நாற்காலியில் அப்படியே துவண்டு, கன்னம் மேசையில் பட்டது. மேனேஜர் எழுந்து, "தண்ணி! தண்ணி!" என்று கத்தினார்.

"நாலாவது வரியைப் படிங்க சார்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

நெற்றிக் கண்ணாடியை அவர் கண்டுபிடித்துப் படித்து முடிப்பதற்குள் அக்கா நிமிர்ந்துவிட்டாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் இன்னும் முடிக்கல சார்" என்றாள்.

நாற்காலி அடுத்த வாரம் கவுண்ட்டருக்கே வந்தது. இடது கைப்பிடி ஆடும் ஒரு பழைய நாற்காலி. அவளே திருகி இறுக்கிக்கொண்டாள்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. மாத்திரை பாதி விழுதலைக் குறைத்திருக்கிறது. மிச்சப் பாதி அவளோடு இருக்கிறது. வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டாள், அதில் அவளுக்கு இன்னும் வருத்தம்தான். மாடிப்படியில் மட்டும் ஜோக் கிடையாது. அத்தான் வாய்க்குள் அடக்கிக்கொண்டு மேலே வந்து சேர்வதற்குள் பாதி மறந்துவிடுவார்.

போன மாதம் மூன்று பெண்களும் புதுத்துணி உடுத்திக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். பஸ் நிறுத்தத்தில் வாலு ஏதோ சொல்ல, அக்கா நடைபாதையிலேயே உட்கார்ந்து சாய்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்றவர், "காலையிலேயே போட்டாச்சு போல" என்றார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் விரல் லேசாக அசைந்து என் புடவையைப் பிடித்தது. நானும் தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் வாலு உட்கார்ந்தாள்.

பஸ் வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறலையா?" என்றார்.

"அடுத்ததுல வர்றோம்" என்றாள் அக்கா, பாதி வாயால்.

வாலு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.