பல்லக்கா எந்த மாதம்?

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால், ஒரு மழைநாளில் ஆழ்மனத்திலிருந்து தானே எழுந்து வந்தது என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. உண்மையில் இது ஓசிக் காப்பியில் பிறந்தது. ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடியில் பால்புதுமையர் காதல் கதை, அதாவது ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் காதலிக்கிற கதை, படிக்கும் வாசகர் வட்டம் கூடுகிறது, சிறப்புரைக்கு ஆள் வேண்டும், காப்பியும் பிஸ்கட்டும் உண்டு என்றார்கள். போனேன். சுவரெல்லாம் 'திரும்பாதே', 'முந்தாதே', 'நிறுத்தாதே' என்று பலகைகள். அவற்றின் கீழே பத்துப் பதினைந்து பேர், மடியில் காதல் நாவல்களோடு.

வட்டத்தின் தலைவர் ஒரு வங்கி மேலாளர். தன் இணையரோடு நெடுநாளாகக் குடித்தனம் நடத்துகிறவர், தங்கமான மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் தீர்மானம்தான் வரும். அன்றைக்கும் வந்தது.

"நாம இதுவரைக்கும் படிச்சதெல்லாம் ஒரே கதை. ரெண்டு அழகான பசங்க, ஒரு பெரிய ஃபிளாட், ஒரு மழை. இனிமே பன்முகக் குரல்களைப் படிக்கப் போறோம். வர்ற மாசம் மாற்றுத்திறனாளிகளின் காதல். அதுக்கடுத்த மாசம் உழைக்கும் வர்க்கத்தின் காதல். மூணாவது மாசம் நடுவயதுக் காதல். நாலாவது மாசம் விளிம்புநிலைச் சமூகங்கள்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிஸ்கட் இன்னும் வந்திருக்கவில்லை.

முன்வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள். பேசுகிறவர் உதட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவள். இடது காதில் கருவி. பல்செட் செய்யும் கூடத்தில் வேலை என்பதால் எல்லோருக்கும் அவள் பல்லக்கா.

"தலைவரே, எனக்குக் காது மந்தம். பல்லுப் பட்டறையில வேலை. வயசு நாப்பத்தேழு. நான் எந்த ஆளுங்கன்னு நீங்க கேட்டதில்ல, ஆனா உங்களுக்குத் தெரியும். நான் எந்த மாசம் வரட்டும்?"

"என்ன பல்லக்கா, நீங்க எல்லா மாசமும் வரலாமே!"

"துண்டு துண்டாவா?"

நல்லவேளை, காப்பி வந்து தலைவரைக் காப்பாற்றியது.

2

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பல்லக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாப் பேசினீங்க சார். பாதி புரிஞ்சுது."

"மீதி கொஞ்சம் கோட்பாடும்மா, அதனால…"

"கோட்பாடு இல்ல, மீசை. உதட்டை மறைக்குது."

(இலக்கிய விமர்சனத்தில் நான் பார்க்காத அடி இல்லை. மீசையில் விழுந்தது அன்றுதான்.)

பிறகு விஷயத்துக்கு வந்தாள். அவளுக்கு ஒரு கதை வேண்டும். என்ன கதை? எப்படிக் கேட்பது என்பதைப் பற்றிய கதை. அவள் ஒன்றும் பொழுது போகாமல் காதல் நாவல்களை விழுங்கவில்லை. தன்னைப் போல ஒருத்தி, தன்னவளைப் போல ஒருத்தியிடம், 'நானும் உன்கூட வந்து இருக்கட்டுமா' என்று கேட்கும் ஒரு பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். நூலகத்தில் ஒரு அலமாரியே காலி. அந்தப் பக்கம் மட்டும் அகப்படவில்லை.

தன்னவள் என்பவள், பல்லுப் பட்டறை இருக்கும் கட்டடத்தின் லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் 'லிஃப்டு'. நாற்பத்தைந்து வயது, புருஷன் தவறி வருடங்கள் ஆயிற்று, மாமியாரோடு இருக்கிறாள். மாமியாருக்குப் பல் கட்டவேண்டும் என்று நாலாவது மாடிப் பட்டறைக்கு வந்தவள், பிறகு நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டையும் அடிக்கடி சோதிக்க ஆரம்பித்தாள். ஒரு வருடமாக இப்படித்தான். இப்போது கம்பெனி அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. வருகிற ஒன்றாம் தேதி மாமியாரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறாள்.

"கேட்டா என்ன, வான்னு சொல்லமாட்டாளா?"

"அவ சொல்லிடுவா சார். வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்களே. உங்க புஸ்தகத்துல எல்லாரும் ஒருத்தர்கிட்ட கேக்கறாங்க. அந்தப் பசங்க யாருக்குமே மாமியார் கிடையாது, கவனிச்சீங்களா?"

கவனித்ததில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு வாரம் போதும் என்று வேறு சொல்லிவைத்தேன்.

3

முதல் தொடக்கம்:

மழை பெய்துகொண்டிருந்தது. இருள் சூழ்ந்த அந்த அறையில், அவளுடைய காதருகே குனிந்து, மூச்சுக்காற்று படும்படி, அவள் மெல்லக் கிசுகிசுத்—

இதை எடுத்துக்கொண்டு பல்லுப் பட்டறைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். மேசையில் திறந்து மூடும் பித்தளைத் தாடைகள் வரிசையாக வாயைப் பிளந்திருந்தன. மெழுகு வாசனை, பிளாஸ்டர் தூசி. பல்லக்கா டிபன்பாக்ஸை ஒதுக்கிவிட்டுப் படித்தாள்.

"எந்தக் காது?"

"என்னது?"

"எந்தக் காதுல கிசுகிசுக்கறா? வலது காது சுத்தமாக் கேக்காது. இடது காதுல மெஷின். கிட்ட குனிஞ்சா கீச்சுனு கத்தும். முதல் தடவை அவ முத்தம் கொடுக்க வந்தப்போ அது போட்ட சத்தத்துல கீழ் வீட்டு நாய் குரைச்சுது."

"அப்ப இருட்டை மட்டும் வெச்சுக்கலாமா?"

"இருட்டுல அவ வாய் எனக்கு எப்படித் தெரியும்?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. உலகத்துக் காதல் வசனமெல்லாம் விளக்கை அணைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. பல்லக்காவுக்கு விளக்கை அணைத்தால் வசனம் முடிந்தது.

"உங்களுக்குள்ள இருட்டுல பேச்சே இல்லையா, அப்ப?"

பல்லக்கா டிபன்பாக்ஸ் மூடியை ஒரு தரம் திறந்து மூடினாள். லிஃப்டு தன் வேலைக்கான டார்ச்சை முகவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு பேசுவாளாம். வெளிச்சம் கீழிருந்து மேலே அடிக்கும், பார்க்கப் பேய் மாதிரி இருக்கும்.

"அந்தப் பேயை விட அழகான மூஞ்சியை நான் பார்த்ததில்ல சார். இதை எழுதிடாதீங்க."

(எழுதிவிட்டேன். எழுத்தாளனிடம் 'எழுதிடாதீங்க' என்று சொல்கிறவர்களுக்கு, எழுதவேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் இருப்பதில்லை.)

இரண்டாவது தொடக்கத்தில் வசனம் சேர்த்தேன். 'அன்பே, உன்னைப் பிரிந்து எப்படி—'

"அவ என்னை அன்பேன்னு கூப்பிட்டா நான் நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவேன்."

"வேற எப்படிக் கூப்பிடுவா?"

"அக்கான்னுதான். ரெண்டு வயசு சின்னவ இல்ல?"

இதை வாசகர் வட்டத் தலைவரிடம் போனில் சொன்னேன். "காதலியை அக்கான்னு கூப்பிட்டா வாசகர் குழம்புவாங்களே" என்றார். கட்டடமே குழம்பித்தான் கிடக்கிறது. அந்த ஒரு சொல்லின் நிழலில்தான் இரண்டு பேரும் ஒரு வருடமாக யாருக்கும் பதில் சொல்லாமல் ஒன்றாக டீ குடிக்கிறார்கள் என்றேன். "அடடா, ஊடறுக்கும் அடையாளம்!" என்று சந்தோஷப்பட்டுக் குறித்துக்கொண்டார்.

4

இந்த இடத்தில் உங்களுக்கு மாமியாரை அறிமுகம் செய்தாக வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பார்க்காமலேயே எனக்கு அவரிடம் பயம். பல்லக்காவுக்கும்தான்.

பல்செட் பொருத்திப் பார்க்க முதன்முதலாகப் பல்லக்கா அவர்கள் வீட்டுக்குப் போன நாள். மேல்வரிசையை வைத்து, கீழ்வரிசையை வைத்து, கடிக்கச் சொல்லி, சிரிக்கச் சொன்னாள். கிழவி சிரிக்கவில்லை. புதுப் பல்லால் முதல் கேள்வியைக் கேட்டார்.

"நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா? எந்தப் பக்கம்?"

பல்லக்கா மறைக்கவில்லை. தெருப் பெயரைச் சொன்னாள். அந்தத் தெருப் பெயரைச் சொன்னால் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. கிழவி தலையாட்டினார். பிறகு நிதானமாக மேல்வரிசையைக் கழற்றினார், கீழ்வரிசையைக் கழற்றினார், தண்ணீர் டம்ளரில் போட்டார், மருமகள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார்.

பல் இல்லாத வாயை யாராலும் படிக்க முடியாது. உதடு உள்ளே மடிந்து, எல்லாச் சொல்லும் ஒரே சொல்லாகிவிடும். பல்லக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் தான் செய்த பற்கள் டம்ளரில் தன்னைப் பார்த்து இளித்ததுதான்.

"என்ன சொன்னாங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. நல்ல பொண்ணுன்னு சொன்னாங்க" என்றாள் லிஃப்டு.

"அதுக்கு எதுக்குப் பல்லைக் கழட்டணும்?"

அதற்குப் பிறகு எத்தனையோ முறை பல்லக்கா அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சநேரம் கழித்து டம்ளரில் 'டொப்' என்று ஒரு சத்தம். கருவியில் அது மட்டும் துல்லியமாகக் கேட்கும்.

நாவல்களில் காதலுக்கு எதிரிகள் அரிவாளோடு வருவார்கள் என்று படித்திருக்கிறோம். இந்தக் கதையில் எதிரி ஒரு டம்ளர் தண்ணீர். அல்லது எதிரியே இல்லையோ என்னவோ. அதுதான் தெரியவில்லையே.

5

முடிவுகள்.

அ) பல்லக்கா ரயில் நிலையத்துக்கு ஓடுகிறாள். வண்டி நகர்கிறது. 'போகாதே!' என்று—

"அவ லாரியில போறா சார். பீரோ, கட்டில், மாமியார் எல்லாம் லாரியில. நான் ஏன் ரயிலுக்கு ஓடணும்?"

ஆ) பரிசு வாங்கும் முடிவு. யாராவது செத்துப்போகிறார்கள். இந்த மாதிரிக் காதல் கதைகளில் யாராவது செத்தால்தான் நடுவர்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

"யார் சாகறா?"

"மாமியார்னு வெச்சுக்கலாமா? வழி சுலபமாயிடும்."

பல்லக்கா என்னை முறைத்தாள். "அந்தப் பல்லுக்கு மூணு தடவை அளவெடுத்தேன். நாலு வேளையும் மென்னு சாப்பிடறாங்க இப்ப. அவங்களைக் கொன்னீங்கன்னா நான் உங்க கதையைவிட்டே போயிடுவேன்."

இ) —

மூன்றாவதை எழுத முடியவில்லை. மன்னிக்கவும், 'எழுத முடியவில்லை' என்று நான் சொன்னால் ஏதோ பெரிய தத்துவச் சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் அவள் என்ன சொல்லிக் கேட்பாள் என்பது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வாரம் முடிந்தது. வெறுங்கையோடு போய் நின்றேன். மீசையை மட்டும் கத்தரித்திருந்தேன்.

பல்லக்கா என் உதட்டைப் பார்த்துச் சிரித்தாள். "இப்பதான் சார் தெளிவாப் பேசறீங்க. விடுங்க. கதை வேணாம். நானே போறேன்."

6

போனாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதில் என் கைவேலை எதுவும் இல்லை, ஒரு காற்புள்ளி தவிர.

ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்கிற நேரம். கூடத்தில் லிஃப்டு தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கிழவி நாற்காலியில். பக்கத்து ஸ்டூலில் டம்ளர், அதில் பற்கள். பல்லக்கா ஒரு பாத்திரத்தை எடுத்துச் சுற்றினாள். இன்னொன்றைச் சுற்றினாள். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துவந்த வாக்கியம் வாய்க்குள்ளேயே இருந்தது. அறை இருட்டிக்கொண்டு வந்தது. லிஃப்டு ஏதோ கேட்டாள், தாடை அசைவது மட்டும் தெரிந்தது. டார்ச் எந்தப் பெட்டியில் போயிற்றோ!

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாளாம். நினைத்தபடி நிமிர்ந்தவள், லிஃப்டைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"அம்மா, நானும் உங்ககூட வரட்டுமா?"

லிஃப்டு கையிலிருந்து ஒரு மூடி உருண்டு சுவரில் போய் முட்டியது.

"வீட்டுக்கா, ஊருக்கான்னு கேக்காதீங்க. ரெண்டுக்கும்தான். அவகூட இருக்கணும். உங்ககூடவும்தான். எனக்கு இதை வேற மாதிரி கேக்கத் தெரியல."

கிழவி ஏதோ சொன்னார். இருட்டில், பல் இல்லாத வாயில். பல்லக்காவின் கருவிக்கு அது காற்று மாதிரி இருந்தது. அவள் கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் நீர் வேறு வந்து தொலைத்தது.

கிழவி கொஞ்சநேரம் அவளையே பார்த்தார். பிறகு கைத்தடியைத் தூக்கி, சுவரில் இருந்த சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினார். விளக்கு எரிந்தது. ஸ்டூல் பக்கம் திரும்பினார். டம்ளரில் கையை விட்டு மேல்வரிசையை எடுத்து உதறி வாயில் வைத்தார். கீழ்வரிசையை எடுத்து வைத்தார். சரியாகப் பொருந்துகிறதா என்று ஒரு தரம் கடித்துப் பார்த்துக்கொண்டார். பல்லக்காவைத் தன் முகத்துக்கு நேரே வந்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். வாயைத் திறந்தார்.

"அப்புறம்?" என்றேன் நான்.

பல்லக்கா மேசைமேல் குனிந்திருந்தாள். கையில் ஒரு புதுக் கீழ்வரிசை, மெழுகு இன்னும் இறுகவில்லை. பக்கத்து அச்சில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தால் அந்தக் கிழவியின் தாடைதான். ஊருக்குப் போகிறவருக்குக் கொடுத்தனுப்பும் மாற்றுச் செட்டா, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவளின் முன்யோசனையா, பார்த்தால் தெரியவில்லை.

"அப்புறம் என்ன சொன்னாங்க, பல்லக்கா?"

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். காதிலிருந்து கருவியைக் கழற்றினாள். மேசையில் வைத்தாள். பாலிஷ் மெஷினைப் போட்டாள்.

வாசகரே, வாசகர் வட்டத் தலைவரே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த அறையில் வெளிச்சம் இருக்கிறது. பல் இருக்கிறது. அந்தம்மா பேசப் போகிறார். பின்வரிசையில் உட்கார்ந்து 'இது எந்த மாதத்துக் கதை' என்று கேட்டுக்கொண்டிருக்காமல், எழுந்து முன்னால் வாருங்கள். வந்து அவர் வாயைப் பாருங்கள்.