அரைப் பேர்

ஜீவராஜிடம் மணி கேட்டால்கூட அவன் ஓவர்க்ளாக்கில் போய்த்தான் நிற்பான். ஒரு கிராபிக்ஸ் கார்டை, அதைச் செய்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேலே ஏற்றி ஓட்டும் வித்தைக்கு அந்தப் பெயர். ஹட்டன் பஜாரில் அப்பாவின் கம்ப்யூட்டர் கடையில் நின்றுகொண்டு, மவுஸ் வாங்க வந்த டீச்சருக்கும், பிரிண்டருக்கு மை வாங்க வந்த கோயில் தலைவருக்கும் அவன் அதைத்தான் விளக்குவான். அவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டியவர்களை எல்லாம் அவன் தன் ரசிகர்கள் என்று எண்ணிக்கொள்வான்.

கேஷிகாவும் ஒரு காலத்தில் தலையாட்டியவள்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, லிந்துலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருந்த அவள் காம்பராவுக்குப் பெண் பார்க்க வந்தபோது, மற்ற மாப்பிள்ளைகள் சேலை கொண்டுவருவதுபோல இவன் ஒரு கார்டு கொண்டுவந்தான். அவள், இன்னும் யாரும் கட்டாத வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டி, உள்ளே நடந்து பார்ப்பதுபோலப் படமாக்கக் கற்றவள். அப்படிப்பட்டவளுக்கு வேறென்ன வேண்டும்? அந்த ஒரு பெட்டியில் விழுந்துவிட்டதை இப்போது நினைத்தால் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

கொடுத்ததோடு அவன் நிற்கவில்லை. பிளேன்டீ ஆறுவதற்குள் வேகத்தை ஏற்றினான், வோல்டேஜையும் ஏற்றினான். பிறகு மெஷினின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசையை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டான்.

"கொழும்புக்காரன் ஏசி போட்டுக் குளிர வைக்கிறான். நமக்கு இந்த மலையே ஏசி. எவ்வளவு ஏத்துனாலும் சூடாகாது. சூடாகலன்னா கார்டுக்கு ஒண்ணும் ஆகாது. சரியா?"

"சரிங்க," என்றாள் கேஷிகா. அவள் அம்மா மனோரஞ்சிதம் மாப்பிள்ளையின் மூளையை நினைத்துக் கண் கலங்கினாள்.

முதல் வருடம் கார்டு பறந்தது. அடுத்த மழைக்காலத்தில் அதன் விசிறி தேயிலை பேக்டரி ரோலர் மாதிரி இரைந்தது. அப்புறம் படத்தில் பச்சைப் புள்ளிகள், தூள் சிதறியதுபோல. அப்புறம் திரை இருண்டு மெஷின் தானாக அணைந்தது. ஒவ்வொரு தடவையும் ஜீவராஜ் ஒரு காரணம் வைத்திருந்தான். தோட்டத்து கரண்ட் சரியில்லை. விண்டோஸ் சரியில்லை. கடைசியாக, "உன் கைராசி அப்படி, கேஷி."

குளிர் சூட்டைத்தான் குறைக்கும், கூட்டி விட்ட வோல்டேஜ் சில்லை உள்ளுக்குள் அரித்துக்கொண்டேதான் இருக்கும், நேற்றுத் தாங்கிய வேகத்தை நாளைக்கு அது தாங்காது என்று அவள் தேடிப் படித்துச் சொன்னாள். "நெட்ல கண்டவனும் எழுதுவான்," என்றான் அவன்.

அன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் கொழும்பிலுள்ள ஒரு கட்டடக் கம்பெனிக்கு அவளுடைய மாதிரிப் படம் போய்ச் சேர வேண்டும். பிடித்தால் வேலை, மெஷினும் அவர்களே தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜீவராஜ் வீட்டார் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வருவதாக இருந்தது. "அதுக்கப்புறம் நம்ம கடையிலயே உக்காரலாமே, எதுக்கு அந்த வேலை?" என்று அவன் ஏற்கெனவே கேட்டிருந்தான்.

காலை எட்டு மணிக்கு, இன்னும் இருநூற்று இருபது பிரேம் பாக்கி இருக்கும்போது மெஷின் அணைந்தது. போட்டாள், மறுபடியும் அணைந்தது. வேறு வழி தெரியாமல் அவனுக்கே போன் போட்டாள்.

ஒன்பதுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தான். மனோரஞ்சிதம் கொழுந்தெடுக்கப் போயிருந்ததால் கேஷிகா வாசல் பக்கத்து இஸ்தோப்புக் கதவை அகலத் திறந்து வைத்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து விரல்களைச் சொடுக்கினான்.

"வோல்டேஜ் பத்தல. இன்னும் ஒரு நூல் ஏத்துனா நின்னுக்கும்."

"ஏத்தித்தானே இந்தக் கதி?"

"நீ டீ ஊத்து. இத நான் பாத்துக்கிறேன்."

ஏற்றினான். ஏழு பிரேம் ஓடி அணைந்தது. மறுபடி ஏற்றினான், மூன்றில் அணைந்தது. மணி பத்தரை.

"உங்க கடை மெஷின்லயும் இதே கார்டுதானே? அதுல ஓட்டித் தாங்க," என்றாள்.

அவன் மனமில்லாமல் தான் கொண்டுவந்த லேப்டாப்பைத் திறந்து, இங்கிருந்தே கடை மெஷினைத் திரையில் கொண்டுவந்தான். கார்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டம் அதிலும் ஓரமாகத் திறந்திருந்தது. கேஷிகா குனிந்து பார்த்தாள். ஏற்றிய வேகம், பூஜ்யம். ஏற்றிய வோல்டேஜ், பூஜ்யம். பெட்டியிலிருந்து எடுத்த நாளில் எப்படியோ அப்படியே.

"உங்களது ஏத்தவே இல்லியா?"

"என்னோடது வாரண்டியில இருக்கு. ஏத்துனா வாரண்டி போயிரும்ல?"

"அப்ப என்னோட கார்டுக்கு?"

"உனக்குத்தான் நான் இருக்கேனே!" சிரித்தான். பிறகு லேப்டாப்பை மூடினான். "நாள் பூரா அதுல ஓட்ட ஏலாது கேஷி. தொடர்ந்து ஓட்டுனா ஆயுசு கொறைஞ்சிரும்."

அந்த வாக்கியம் அவள் காதில் விழுந்து உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆக, அவனுக்கு எல்லாம் தெரியும். பிறத்தியார் கார்டில்தான் அவன் வீரன். பஜார் முழுக்க அளந்த அளப்பெல்லாம் அவளுடைய மேசையில் நடந்த சோதனை. கோபம் வந்திருந்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். வந்தது, சோற்றில் தலைமுடி பார்த்தால் வருமே, அது.

"எந்திரிங்க," என்றாள்.

ஜன்னலைச் சாத்தினாள். வோல்டேஜை இருந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். வேகத்தைச் செய்தவர்கள் வைத்ததற்கும் கீழே, இன்னும் கீழே இறக்கினாள்.

"இப்படி ஓட்டுனா அது கார்டே இல்ல, கட்டவண்டி," என்றான்.

"இனி அதால அவ்வளவுதான் ஏலும். அரைப் பேர்."

"இந்த லயத்துப் பேச்செல்லாம் எனக்கு வெளங்காதுப்பா." எப்போதும் சொல்வதுதான், பெருமையாகச் சொல்வான். "சாயங்காலம் வாறேன். அதுக்குள்ள அணைஞ்சிருந்தா என்னைக் குத்தம் சொல்லாத."

பதினொரு மணிக்கு ஓடத் தொடங்கியது. ஒரு பிரேமுக்கு ஒன்றரை நிமிடம். அவள் சாப்பிடவில்லை. பக்கத்துக் காம்பராவில் யாராவது ஹீட்டர் போட்டு கரண்ட் போய்விடுமோ என்ற பயம் ஒருபுறம், பச்சைப் புள்ளி வருமோ என்ற பயம் ஒருபுறம். கார்டு முக்கி முனகி ஓடியது, ஆனால் நிற்கவில்லை. நாலரைக்குக் கடைசிப் பிரேம் வந்தது. நாலே முக்காலுக்குப் படம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

மனோரஞ்சிதம் கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டிப்போய் நனைந்த படங்கைக் கொடியில் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஜீவராஜ் கேக் பெட்டியோடு வந்து நின்றான். முடிந்துவிட்டது என்று கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா அத்தை? கடைசியில நான் வச்ச கார்டுதான் கை குடுத்துச்சு!"

கேஷிகா மெஷினை அணைத்து, ஸ்குரூவைக் கழற்றி, கார்டை வெளியே எடுத்தாள். பழைய பேப்பரில் சுற்றி, கேக் பெட்டியின்மேல் வைத்து இரண்டையும் அவன் கையிலேயே கொடுத்தாள்.

"ஞாயித்துக்கெழமை யாரும் வர வேணாங்க."

மனோரஞ்சிதத்தின் கை கொடியிலேயே நின்றுவிட்டது. "என்னாடி சொல்ற? மாப்பிள்ளை காலையிலயே கடைய விட்டுட்டு வந்து..."

"என்ன செஞ்சாருன்னு அவரையே கேளுங்கம்மா. அவரு மெஷின ஏத்தல. ஓட்டுனா ஆயுசு கொறையுமாம். ஏத்தி ஏத்திக் கொன்னது என்னோடதை மட்டுந்தான்." அவள் குரல் உயரவே இல்லை. "அந்தக் கார்டுக்காவது அரைப் பேர் போடலாம். இவருக்குப் பேரே போட முடியாது."

மனோரஞ்சிதம் மகளைப் பார்த்தாள். காலையில் ஊற்றிய டீ ஏடு கட்டி மேசையில் இருந்ததையும், அடுப்படியில் மத்தியானச் சோறு மூடியபடியே இருந்ததையும் பார்த்தாள். முப்பது வருடம் கொழுந்து நிறுவைக்கு முன்னால் நின்றவள். மீண்டும் படங்கைக் கொடியில் விரிக்கத் தொடங்கினாள்.

"பேர் போடுறதுன்னா என்னா அத்தை?" ஜீவராஜ் சிரிக்க முயன்றான். "எனக்கு வெளங்கல."

"கொழுந்து கொறைஞ்சா அரை நாள் கூலிக்கு அரைப் பேர் போடுவாங்க தம்பி," என்றாள் மனோரஞ்சிதம், அவன் முகத்தைப் பார்க்காமல். "பேரே போடலன்னா, அந்த ஆளு அன்னைக்கு வேலைக்கே வரலன்னு அர்த்தம்."