கோடி பார்க்கப் போன தீபாவளி

1977ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் நாள். என் குறை இது: எங்கள் ஊரில் மாலை வேளையில் ஒரு குடும்பம் சென்று உட்காரப் பொது இடம் ஒன்றுகூட இல்லை. அது இல்லாத காரணத்தால் என் ஒரே மகள் வைஜயந்தியை நான் திருவள்ளூருக்குத் தோற்றேன்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில், இருப்புப்பாதையை ஒட்டி இருக்கிறது. இங்கே உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற ஆவணியில் வைஜயந்தியைத் திருவள்ளூர் வேங்கடேசனுக்குக் கொடுத்தோம். அடுத்த மாதமே அவருக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த இரும்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து அது சைக்கிள் மிதிக்கும் தூரம். திருவள்ளூரிலிருந்து வருவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை கீழே போய், வண்டி மாறி, மீண்டும் வடக்கே ஏறி வர வேண்டும். ஆகவே, மகளும் மாப்பிள்ளையும் எங்கள் ஊரில் குடியேறுவதே முறை என்று நான் முடிவு செய்தேன். கிழக்குப் பார்த்த ஜன்னல்கள் உள்ள ஒரு வீட்டையும் எங்கள் தெருவிலேயே பார்த்து வைத்தேன்.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையோடு அவர் தகப்பனார் ஸம்பத்குமாரும் வந்தார். சம்பந்தி வருவது வழக்கத்துக்கு மாறானதன்று. ஆனால் இவர் மகனை எங்கள் ஊருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தோடு வந்தவர்.

சாப்பாட்டின்போது நான் காற்றைப் பற்றிப் பேச்செடுத்தேன். "சித்திரையிலே திருவள்ளூர் அடுப்பு மாதிரி கொதிக்கும். இங்கே பிற்பகல் ஆனா கடல் காத்து வந்துடும், ஸ்வாமி."

"வரட்டும். அதை எங்கே உக்காந்து வாங்கிக்கறது?" என்றார் ஸம்பத்குமார்.

"வாசல்ல."

"வாசல்ல லாரின்னா போறது. எங்க ஊர்ல சாயங்காலமானா கோவில் குளத்துப் படி. அதை விட்டா பார்க். அங்கே ரேடியோ வெச்சிருக்கா. நியூஸ் கேட்டு, கச்சேரி கேட்டு, காலாற நடந்து ஆத்துக்கு வந்தா நன்னாப் பசிக்கும். ஒங்க ஊர்ல பசிக்கிறதுக்கு என்ன பண்ணுவேள்?"

என் மனைவி செங்கமலவல்லி சிரித்துவிட்டாள். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

அந்தப் பூங்காவில் நானும் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். பச்சை வர்ணம் அடித்த பெஞ்சு. ஒரு வக்கீலும் ஒரு பூக்காரியும் சீருடை கழற்றாத ஒரு போலீஸ்காரரும் அதில் வரிசையாக உட்கார்ந்து ஒரே வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறருடைய பணத்தின்மீதோ பட்டத்தின்மீதோ எனக்குப் பொறாமை வந்ததில்லை. அந்தப் பெஞ்சின்மீது வந்தது. எங்களைப் போலவே வரி செலுத்தும் ஓர் ஊருக்கு அது வாய்த்திருக்கிறது, எங்களுக்கு வாய்க்கவில்லை. அது நியாயமான பொறாமை என்பதே இன்றும் என் கருத்து.

தீபாவளி கழிந்ததும் மழை பிடித்துக்கொண்டதால் விருந்தாளிகள் ஊர் திரும்ப முடியவில்லை. விடாமல் பெய்து, ஒரு பிற்பகல் சற்றே ஓய்ந்தபோது, பால்காரச் சின்னராசு வாசலில் நின்று குரல் கொடுத்தான்.

"இன்னா வாத்யாரே, ஊட்லயே குந்திக்கினு கீறீங்க? ஏரி கோடி போவுது. மாப்ளைய இட்டுக்கினு வாங்க."

ஏரி நிரம்பி, உபரி நீர் கற்கட்டின்மேல் வழிந்து கால்வாயில் விழுவதை எங்கள் பக்கத்தில் கோடி போவது என்பார்கள். அன்று ஊரே கரைக்குப் போகும். பெண்கள் பொங்கலிட்டு, மஞ்சளும் குங்குமமும் நீரில் தூவுவார்கள். இளைஞர்கள் கோடியின் அடியில் மீன் பிடிப்பார்கள். பலூனும் ராட்டினமும்கூட வந்துவிடும். எங்கள் ஊருக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு அதுதான். அதுவும் மழை மனம் வைத்தால்தான். திருவள்ளூர்க்காரருக்கு இதைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. எல்லோரையும் கிளப்பினேன்.

கரையில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த செண்பகம் என்னைக் கண்டதும் கடலை அளக்கும் படியை நிமிர்த்தினாள். ஏரிக்குக் கீழே உள்ள குடிசைகளில் ஒன்று அவளுடையது.

"மருமவப்புள்ளயா சாமி? சோக்கா கீறாரு. கடலை வாங்கிக் குடுங்க."

"என்ன விலை?"

"மத்தவங்களுக்கு ஒரு வெல. நீங்க எம் புள்ளைய பெயில் போட்டீங்க இல்ல? ஒங்களுக்கு டப்பு ஜாஸ்தி."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வேங்கடேசனும் சிரித்தார். நீர் வெள்ளைச் சுவர்போல் விழுந்துகொண்டிருந்தது. வைஜயந்தி அதன் சாரலில் முகத்தை நீட்டி நின்றாள். கலியாணத்துக்குப் பின் அவள் அவ்வளவு மகிழ்ந்து நான் பார்க்கவில்லை.

"அப்பா, நம்ம பார்க்ல இது உண்டா?" என்று வேங்கடேசன் தம் தகப்பனாரைக் கேட்டார்.

ஸம்பத்குமார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நன்னாத்தான் இருக்கு" என்றார்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

கூட்டம் மேலும் மேலும் வந்தது. கோடி நன்றாகத் தெரிவது கற்கட்டை ஒட்டிய இடத்திலிருந்துதான். ஆகவே, மழையில் ஊறிக் குழைந்திருந்த அந்த மண்ணின்மேலேயே எல்லோரும் நெருக்கி நின்றார்கள். ஆண்டுதோறும் அங்கேதான் நிற்பார்கள். அன்று மண் தாங்கவில்லை. ஓசையே இல்லாமல் கரையின் சரிவு பெயர்ந்தது; அதன்மேல் நின்றவர்கள் கால்வாயை நோக்கிச் சரிந்தார்கள். மற்றவர்கள் தட்டுத்தடுமாறி ஏறிக்கொண்டார்கள். வைஜயந்தி மட்டும் இடுப்பளவு சேற்றில் புதைந்து, கீழே ஓடும் நீருக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள்.

நான் கடலைப் பொட்டலத்தைப் பிடித்தபடி நின்றிருந்தேன். ஸம்பத்குமார் தம் அங்கவஸ்திரத்தை உருவி, முறுக்கி, அவளை நோக்கி வீசினார். அவள் அதைப் பற்றிக்கொண்டாள். சின்னராசு கரையில் குப்புறப் படுத்து மறுமுனையைப் பிடிக்க, அவன் கால்களை வேங்கடேசனும் இன்னும் சிலரும் பிடித்து இழுத்தார்கள். அவள் மேலே வந்தாள். அழுதுகொண்டே அவள் முதலில் பற்றியது மாமனாரின் கையை. அந்த அங்கவஸ்திரம் என் தோளிலிருந்து போயிருக்க வேண்டும் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

பெயர்ந்த இடத்தில் மண்மூட்டை அடுக்கி ஊரார் ஏரியைக் காப்பாற்றினார்கள். ஆயினும் கசிந்த நீர் தாழ்ந்த தெருக்களில் புகுந்தது. செண்பகத்தின் குடிசைச் சுவர் கரைந்து விழுந்தது.

மறுநாள் காலை, காப்பி குடிக்கும்போது வேங்கடேசன் சொன்னார். "மாமா, நாங்க திருவள்ளூர்லயே இருந்துடறோம். நான் ரயில்ல வந்து போறேன்."

"வெள்ளத்துக்குப் பயந்தா? பூண்டி ஏரி நெறைஞ்சா ஒங்க ஊருக்கும் பயம்தானே?"

"வெள்ளம் எங்கயும் வரும், மாமா. நான் வேலைக்குப் போனப்புறம் இவ நாள் முழுக்கத் தனியா இருக்கணும். சாயங்காலம் எங்க போவா? வேற இடமே இல்லேன்னா, மறுபடி அந்தக் கரையிலதானே போய் நிப்பா?"

ஸம்பத்குமார் குத்திக்காட்டி ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம். அதையும் அவர் சொல்லவில்லை. தம் மருமகளின் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டார்.

அவர்களை வண்டியேற்றிவிட்டுத் திரும்பும்போது நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கே ஒரு மேடு இருக்கிறது. எந்த மழையிலும் அது மூழ்கியதில்லை. கடற்காற்று தடையின்றி வரும். ஊருக்குப் பொதுவான அந்தப் புறம்போக்கை ஒரு தொழிற்சாலை கம்பிவேலியிட்டு வளைத்து, தன் அதிகாரிகள் இறகுப்பந்து ஆட விளக்குப் போட்டிருக்கிறது. 'அன்னியர் உள்ளே வரக் கூடாது' என்று பலகையும் தொங்குகிறது. இந்த மண்ணில் அன்னியர் யார்? ஆடுவதற்கும், ஏரி உடைத்துக்கொண்டால் ஏறி நிற்பதற்கும் தகுந்த ஒரே இடத்தில் நால்வர் பந்தடிக்கிறார்கள். ஊரோ ஈரக் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறது. நான் எழுதிய மனுவுக்கு, 'பொழுதுபோக்கு அவசரத் தேவையன்று' என்று ஓர் அலுவலகம் பதில் அனுப்பியிருக்கிறது.

இதைப் படிக்கும் நீங்கள் மாலையில் எங்கே உட்காருகிறீர்கள்? பெஞ்சிலா, மணலிலா, குளத்துப் படியிலா? எங்கேயானாலும், அங்கே உட்கார்ந்தபடியே ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். அந்த வேலியைப் பிரித்து மேட்டை ஊராரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கலெக்டருக்கு எழுதுங்கள். தெளிவாகவும் பிழையின்றியும் எழுதுங்கள்; அடுத்த மழைக்கு முன் எழுதுங்கள்.