வாயைத் திறக்காதே

சிக்னல் சிவப்புக்கு மாறியும் கொழுந்தன் பைக்கை நிறுத்தவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரு கையால் அவன் தோளையும் மறு கையால் ஆஸ்பத்திரி கொடுத்த மரணச் சான்றையும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“அண்ணனை அங்க தனியா விட்டுட்டு வந்துட்டோமே அண்ணி.”

“அவர் எங்கயும் போயிட மாட்டார் தம்பி. ஜட்ஜுதான் எழுந்து போயிடுவார். முறுக்குங்க.”

காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த புருஷன் அப்படியே கட்டிலில் சரிந்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதே மூச்சில்லை. அவள் இன்னும் அழவில்லை. நேரமில்லை.

தவணையில் டிவியும் ஃபிரிட்ஜும் விற்கும் கடையில் அவருக்கு வேலை. வாடிக்கையாளர்களின் கடன் விண்ணப்பத்தை அவரே நிரப்பித் தருவார். அவர் பேனா பட்டால் கொத்தனார் மேனேஜராகிவிடுவார். சும்மா சுற்றுகிறவனுக்கும் சம்பளம் வந்துவிடும். கடன் கம்பெனி போன் போட்டு விசாரிக்கும்போது, “எங்ககிட்டதான் வேலை பார்க்கறார்” என்று ஒரு பெண் சொல்வாள். எல்லா விண்ணப்பத்துக்கும் அதே குரல். குட்டு உடைந்து கடன் கம்பெனி வழக்குப் போட்டதும், அந்தப் போன் பேச்சின் பதிவு கோர்ட்டில் ஒலித்தது. அந்தக் குரல்காரி யாரென்று சொன்னால் தண்டனையைக் குறைக்கலாம் என்றார் நீதிபதி.

“கூலிக்குப் பேசின பொண்ணுங்க ஐயா. பேர்கூடத் தெரியாது” என்று சாதித்துவிட்டார் அவர்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எரிந்து விழுந்தார். “கோர்ட்ல நீ வாயைத் திறக்காதே. யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டு.”

அப்படியே இருந்தாள். அந்தம்மா ஊமையா என்று வக்கீலே ஒருமுறை கேட்டார்.

இன்று தண்டனை நாள். ‘ஆள் வரலைன்னாலும் வாசிச்சிடுவார்மா. அதுக்குள்ள சேதி வந்தா கேஸ் அத்தோட முடிஞ்சுது. இல்லேன்னா அபராதம் உங்க வீட்டு மேலதான் விழும்’ என்று சற்றுமுன் போனில் பதறியிருந்தார் அதே வக்கீல்.

பைக்கை நிறுத்தக் கொழுந்தன் இடம் தேட, அவள் படிகளில் தாவி ஏறினாள். வாசலில் நின்ற வக்கீல் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். நீதிபதி வாசிக்கத் தொடங்கியிருந்தார்.

“ஐயா, என் கட்சிக்காரர் காலையில இறந்துட்டார்.”

நீதிபதி சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பொய்க் காகிதம் கொடுத்த கேஸ் இது. இதுலயே இன்னொரு காகிதத்தை நம்பச் சொல்றீங்க. வீட்டு ஆள் யார் வந்திருக்காங்க?”

“மனைவி வந்திருக்காங்க ஐயா.”

“அவங்க வாயால சொல்லட்டும்.”

அவள் கூண்டில் ஏறினாள்.

“உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரா?”

தலையாட்டினாள்.

“தலையை ஆட்டினா பதிவாகாதும்மா. சொல்லுங்க.”

அவள் இன்னும் பலமாகத் தலையாட்டினாள். வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார். நீதிபதியின் கை மறுபடி தீர்ப்புத் தாளுக்குப் போனது.

“ஆமா சார்” என்றாள். “காலையில போயிட்டார்.”

நீதிபதி பேனாவை மூடினார். வழக்கு முடிந்தது.

கடைசி வரிசையில் செல்போனைத் தடவிக்கொண்டிருந்த கடன் கம்பெனி அதிகாரியின் விரல் மட்டும் நின்றுவிட்டது. எத்தனையோ மதியங்களில், குக்கரை அணைத்துவிட்டு வந்து போனை எடுத்து, மறுமுனையில் விசாரித்த இவருக்கு அவள் சொன்ன அதே ‘ஆமா சார்.’

அவர் மெல்ல நிமிர்ந்தார். இன்னொரு வார்த்தை வருமா என்று காத்திருப்பவர்போல, தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டார்.